சேமித்த யூனிட் யார் கணக்கில்?

காவிரி ஒகேனக்கல் பாறை இடுக்குகளில் விழுந்தெழுந்து மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 790 அடி. தருமபுரி நகரம் இருப்பதோ ஏறத்தாழ 1,500 அடி உயர மேட்டில். காவிரி பாயும் மாவட்டம்தான். ஆனாலும் அந்தத் தண்ணீர் மாவட்டத் தலைநகருக்கு வர வேண்டுமானால் 700 அடி ஏற வேண்டும். மோட்டார்தான் ஏற்றுகிறது. மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். சிறிய நகரத்தின் மின்சிக்கனம் என்றதும் எல்லோரும் தெருவிளக்கிலிருந்து பேசத் தொடங்குவது வழக்கம். தருமபுரியைப் பொறுத்தவரை தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டுச் செலவை மட்டும் பேசுவது அநியாயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. அதைத் தாண்டிய கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏறியது, பெரியவர்களுக்கு எலும்பு நோய் வந்தது. அதற்கான மருந்தாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். செலவு ஏறத்தாழ 1,929 கோடி ரூபாய். பெரும்பகுதி ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடன். இரண்டு மாவட்டங்களின் நகரங்கள், பேரூராட்சிகள், ஆயிரக்கணக்கான கிராமக் குடியிருப்புகள் இன்று இதை நம்பி இருக்கின்றன. திட்டத்தைக் கட்டக் கடன் கொடுக்க ஆள் கிடைத்தது. அதை ஒவ்வொரு நாளும் ஓட்டும் கரண்ட் பில்லுக்கு அப்படி யாரும் கடன் கொடுப்பதில்லை. என் கேள்வி இந்த இடத்தில் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 250 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லாத பம்பாக இருந்தால் 0.68 யூனிட் போதும். குழாய் உராய்வையும் சேர்த்து ஒகேனக்கல் தண்ணீர் தருமபுரிக்கு ஏறும் உயரத்தை 250 மீட்டர் என்றும், பம்பும் மோட்டாரும் சேர்ந்து 68 விழுக்காடு திறனோடு ஓடுகின்றன என்றும் வைத்துக்கொண்டால், கிலோலிட்டருக்கு ஒரு யூனிட். நினைவில் வைக்க எளிய கணக்கு இது. நகரத்துக் குழாய்களில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் கசிந்தால் 100 யூனிட் மின்சாரம் மண்ணில் இறங்குகிறது. உள்ளாட்சிகளின் குடிநீர், தெருவிளக்கு இணைப்புகளுக்கான தாழ்வழுத்தக் கட்டணம் 2022 செப்டம்பருக்கு முன் யூனிட்டுக்கு 6 ரூபாய் 35 காசு. அதன்பின் 8 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த விலையில் பார்த்தால் அந்த ஒரு லட்சம் லிட்டர் கசிவு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். குழாய்க் கசிவை அடைக்கும் ஃபிட்டர் ஒருவர் செய்வது மின்சிக்கன வேலைதான். நம் திட்ட அறிக்கைகள் அதை அந்தத் தலைப்பில் எழுதுவதில்லை; எழுதாததால் அதற்கு அந்தக் கணக்கில் பணமும் வருவதில்லை.

சிக்கல் இதோடு நிற்கவில்லை. ஒகேனக்கல்லிலிருந்து தண்ணீரை ஏற்றும் மின்கட்டணத்தைக் கட்டுவது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். நகராட்சி வாரியத்துக்குக் கிலோலிட்டர் கணக்கில் கட்டணம் செலுத்துகிறது. நகருக்குள் வந்து சேர்ந்த தண்ணீரைத் தரைமட்டத் தொட்டியிலிருந்து ஓவர்ஹெட் டேங்குக்கு ஏற்றும் செலவு நகராட்சியுடையது. வீட்டுக்காரர் கட்டுவது மாதாந்தரக் குடிநீர்க் கட்டணம். எவ்வளவு பிடித்தாலும் அது பெரும்பாலும் மாறுவதில்லை. நகராட்சி தன் குழாய்களைச் சரிசெய்தால் மிச்சமாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி வாரியத்தின் கணக்கில் சேரும். வாரியம் நல்ல பம்ப் போட்டால் நகராட்சியின் கட்டணம் குறையப்போவதில்லை. வேலை ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. இப்படிப் பிரிந்து கிடக்கும் இடத்தில் எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினாலும் முதலீடு வராது. சிறு நகரங்களுக்கு நிதி இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை, இருக்கும் பணம் வந்து சேரும் பாதைதான் கோணலாக இருக்கிறது.

அந்தப் பாதைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பாதை மத்திய அரசின் பெருந்திட்டங்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகை 68,619. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்வான 11 நகரங்களில் பக்கத்துச் சேலம் உண்டு, ஈரோடு உண்டு, வேலூர் உண்டு, தருமபுரி இல்லை. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டம் ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட நகரங்களையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. கிராமங்களுக்கு ஜல் ஜீவன் இயக்கம் 2019இல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் அறுபதாயிரம், எழுபதாயிரம் பேர் வாழும் ஊர்கள் பல ஆண்டுகள் வெறும் கையோடு நின்றன. 2021 அக்டோபரில் வந்த அம்ருத் 2.0 எல்லா நகராட்சி, பேரூராட்சிகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டது; அது நல்ல திருத்தம். ஆனால் எரிசக்தி மேம்பாட்டுக்கு ஒரு மக்கள்தொகைக் கோடு ஏன் வேண்டும் என்ற கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பழைய பம்ப் ஊரின் மக்கள்தொகையைப் பார்த்துக்கொண்டு மின்சாரத்தைத் தின்பதில்லை.

நிதிக்குழு மானியம் இரண்டாம் பாதை. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்தில் பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு நிபந்தனைக்குட்பட்டது: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, பாதி துப்புரவுக்கும் குப்பை மேலாண்மைக்கும். குடிநீருக்கான பங்கில் பம்ப் மாற்றலாம், கசிவு அடைக்கலாம், மீட்டர் வைக்கலாம். நடைமுறையில் அது புதுக் குழாய்க்கும் புதுத் தொட்டிக்கும் போவதே அதிகம். இதில் மன்ற உறுப்பினர்களைக் குறை சொல்ல மாட்டேன். வார்டு மக்கள் கேட்பது தெருவுக்குத் தண்ணீர். பம்ப் அறைக்குள் 55 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயரும் திறன் யார் கண்ணிலும் படாது. மாநிலத்தின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் எல்இடி தெருவிளக்குகளும் வருகின்றன. விளக்கு கண்ணுக்குத் தெரியும், அதனால் அதற்குக் கை நீளும்.

கண்ணுக்குத் தெரியாத அந்தப் பம்பின் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். 100 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 லட்சம் யூனிட், எட்டு ரூபாய் வீதம் 44 லட்சம் ரூபாய். திறன் 55லிருந்து 70க்கு உயர்ந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறையும். ஆண்டுக்கு 9 லட்சத்துக்கும் மேல். பதினைந்து ஆண்டு ஓட்டத்தில் இந்த மோட்டார் விழுங்கும் மின்சாரத்தின் விலை ஆறரைக் கோடி. அதற்கு முன்னால் பம்பின் கொள்முதல் விலை மிகச் சிறியது. ஆனாலும் டெண்டரில் நாம் ஒப்பிடுவது கொள்முதல் விலையைத்தான்.

தெருவிளக்குக் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஏனென்றால் அதில்தான் இந்தியா ஒரு நிதி முறையைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 2015 ஜனவரி 5 அன்று தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஈஈஎஸ்எல் தன் பணத்தில் எல்இடி விளக்குகளைப் பொருத்தும்; உள்ளாட்சி முன்பணம் எதுவும் போட வேண்டாம்; மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து ஏழாண்டுத் தவணையில் திருப்பித் தரும். தொழில்நுட்பக் கணக்கில் பிழையில்லை. பழைய டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 55 வாட் இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்இடி போட்டால், இரவுக்கு 11 மணி நேரம் எரிந்து ஆண்டுக்கு 140 யூனிட் மிச்சம், ஏறக்குறைய 1,100 ரூபாய். 250 வாட் சோடியம் விளக்கை மாற்றினால் மிச்சம் ஐயாயிரத்தைத் தொடும். நாடு முழுதும் ஒரு கோடிக்கு மேல் விளக்குகள் மாறின. இடறியது பணம் திரும்பும் இடத்தில். பல உள்ளாட்சிகள் தவணையைக் கட்டாமல் நிலுவை வைத்தன. நிலுவை பெருகிப் பெருகி ஈஈஎஸ்எல் நிறுவனமே நெருக்கடியில் சிக்கியது.

இதை உள்ளாட்சிகளின் நாணயக் குறைவு என்று எழுதிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதல்ல. மின்கட்டணம் குறைந்தாலும் குறைந்த தொகை தனியாக ஒரு பெட்டியில் போய் உட்காருவதில்லை. அது பொதுநிதிக்குள் கரைந்து, துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கோ ஓய்வூதியத்துக்கோ போய்விடுகிறது. முன்பே மின்கட்டணத்தை நிலுவையில் வைத்திருந்த நகராட்சிக்குச் சேமிப்பு என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். கட்டாத பில் குறைந்தால் கையில் ரொக்கம் வராது. ஏழாண்டு ஒப்பந்தத்துக்குள் ஆணையர்கள் மாறுவார்கள், மன்றமும் மாறும். சேமிப்பிலிருந்து கடனை அடைப்பது என்றால் சேமிப்பைப் பிடித்து வைக்க ஒரு பாத்திரம் வேண்டும். அந்தப் பாத்திரத்தைச் செய்யாமல் விளக்கை மட்டும் மாற்றினோம்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1995இலேயே அதைச் செய்தது. நகர நிர்வாகத்துக்குள்ளேயே ஒரு சுழல்நிதி. சுற்றுச்சூழல் துறையின் எரிசக்திப் பிரிவு பள்ளிக்கூடத்துக்கோ நீச்சல்குளத்துக்கோ கொதிகலன் மாற்ற வட்டியில்லாமல் பணம் கொடுக்கும்; அந்தத் துறை மிச்சமான எரிசக்திச் செலவிலிருந்து முதலீடு தீரும் வரை திருப்பிக் கட்டும்; திரும்பிய பணம் அடுத்த வேலைக்குப் போகும். வெளி வங்கி இல்லை, இலாபம் கேட்கும் ஒப்பந்ததாரர் இல்லை. இன்ட்ராக்டிங் என்று அதற்குப் பெயர். ஸ்டுட்கார்ட் பணக்கார நகரம்தான். ஆனால் அந்த முறைக்குத் தேவை பணக்காரத்தனம் அல்ல. ஒரு தனிக் கணக்கு, அளந்து சொல்லும் ஒரு பொறியாளர், கணக்கைத் தொடக் கூடாது என்ற ஒரு தீர்மானம். நம்மூர் ஊராட்சிகளில் இதற்கு முன்மாதிரி உண்டு. மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்றே ஊராட்சிகள் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கின்றன. செலவுக்குத் தனிக் கணக்கு வைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்குச் சேமிப்புக்குத் தனிக் கணக்கு வைப்பது கடினமல்ல.

ஊராட்சி என்றதும் ஓடந்துறையைச் சொல்லாமல் போக முடியாது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் உள்ள அந்த ஊராட்சி, தலைவர் ஆர். சண்முகத்தின் முயற்சியில் 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். அதில் 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன், மிச்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. ஊரின் தேவைக்கு மேல் உற்பத்தியான மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். காற்று ஊரில் இல்லை. காற்றடிக்கும் உடுமலைப் பக்கத்தில் காற்றாலை நின்றது, ஊரின் கணக்கில் யூனிட் சேர்ந்தது. சில ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊராட்சி இதைச் செய்தபோது அவர்களிடம் இருந்தது வரவு செலவைப் பொத்திப் பாதுகாத்த பழக்கமும், கடன் வாங்கிக் கட்டி முடிக்கும் துணிச்சலும்தான். தருமபுரிக்கு வெயில் குறைவில்லை. நகராட்சியோ வாரியமோ தன் பம்புகளுக்கான சூரியமின் நிலையத்தை நகருக்குள்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை.

இதே எண்ணத்தைப் பெரிய அளவில் இந்தூர் செய்து காட்டியிருக்கிறது. இந்தூரும் மேட்டில் இருக்கும் நகரம். நர்மதையிலிருந்து ஜலூத் என்ற இடத்தில் நீர் எடுத்து மேலே ஏற்றுகிறார்கள், கரண்ட் பில் மாநகராட்சியை நெரிக்கிறது. 2023 பிப்ரவரியில் மாநகராட்சி 244 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரங்களைப் பொதுமக்களும் வாங்கும் வகையில் வெளியிட்டது, வட்டி 8.25 விழுக்காடு, பணம் ஜலூத் நீரேற்று நிலையத்துக்கான 60 மெகாவாட் சூரியமின் நிலையத்துக்கு. கேட்டதைவிடப் பல மடங்கு பணம் வந்தது. ஒகேனக்கல்லுக்கும் ஜலூத்துக்கும் நில அமைப்பில் அவ்வளவு ஒற்றுமை. வேற்றுமை ஒன்றுதான்: இந்தூர் இருபது லட்சம் பேர் வாழும் மாநகரம். தருமபுரி தனியாகப் பத்திரம் வெளியிட்டால் தரமதிப்பீட்டுக் கட்டணமும் சட்டச் செலவும் திரட்டிய பணத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

இதற்கான விடையைத் தமிழ்நாடே இருபது ஆண்டுகளுக்கும் முன்பே கண்டுபிடித்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. உலக வங்கி உதவியோடு 1996இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உருவானது. 2002இல் குடிநீருக்கும் துப்புரவுக்குமான கூட்டு நிதியம் ஒன்றை அமைத்து, 13 சிறிய உள்ளாட்சிகளின் தேவைகளை ஒன்றாகக் கட்டி, ஏறத்தாழ 30 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுப் பத்திரம் வெளியிட்டார்கள். இந்தியாவின் முதல் கூட்டு நகராட்சிப் பத்திரம் அது. அமெரிக்காவின் யுஎஸ்எய்டு அசலில் பாதிக்கு உத்தரவாதம் கொடுத்தது. தவணை தவறினால் மாநில அரசு கொடுக்கும் நிதிப் பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள் சேர்ந்து போனபோது சந்தையில் கடன் வாங்கின. பின்னர் கர்நாடகம் பெங்களூரைச் சுற்றிய எட்டு உள்ளாட்சிகளுக்கு 2005இல் இதைப் பின்பற்றியது. இன்று அந்த நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் வழியாக ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியின் கடனும் மானியமும் தமிழக நகரங்களுக்கு வருகின்றன. இயந்திரம் கையில் இருக்கிறது. மின்சிக்கனத்துக்கு அதை முழு வேகத்தில் ஓட்டவில்லை என்பதே குறை.

கூட்டுச் சேர்க்க ஊர்களைத் தேட வேண்டியதும் இல்லை. ஒகேனக்கல் குழாய் ஏற்கெனவே அவற்றைக் கோத்து வைத்திருக்கிறது: தருமபுரி, கிருஷ்ணகிரி, 2019இல் மாநகராட்சியான ஓசூர், அரூர், பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், மாரண்டஹள்ளி, பாப்பாரப்பட்டி, கடத்தூர், கம்பைநல்லூர். எல்லோருக்கும் ஒரே ஆறு, ஒரே ஏற்றம், ஒரே வாரியம். இவை சேர்ந்து ஒரு கூட்டு நிதியம் வைத்து, பம்ப் மாற்றம், கசிவு அடைப்பு, பகுதிவாரி மீட்டர், சூரியமின் நிலையம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாகக் கொண்டுபோனால் கடன் கொடுப்பவர் கேட்கும் அளவு வந்துவிடும். வாரியமும் அதில் கூட்டாளியாக இருக்க வேண்டும். ஒரு நகரம் கசிவைக் குறைத்ததால் ஏற்றத்தில் மிச்சமாகும் யூனிட்டில் ஒரு பங்கு அந்த நகரத்துக்குத் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அந்த ஒரு விதி இல்லாமல் மற்ற எதுவும் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

வீடுகளின் கூரைச் சூரியமின்சாரம் இன்னொரு பெரிய பேச்சு. இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் உண்டு; தருமபுரி போன்ற ஊரில் நடுத்தர, ஏழை வீடுகளின் பில் ஏற்கெனவே சிறியது. கையிலிருந்து ஒரு லட்சம் போட்டு மிச்சம் பிடிக்க அவர்களுக்குக் காரணம் குறைவு. கடைகள், மண்டபங்கள், தனியார் பள்ளிகள் ஆகியவற்றுக்கு அது நன்றாகப் பொருந்தும், அவர்கள் தாமாகவே செய்துகொள்வார்கள். பொதுப்பணத்தைப் பொதுச் சொத்தில் போடுவதே முறை.

மக்களிடமிருந்து பணம் கேட்கலாமா? 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தபோது வீட்டின் பரப்பைப் பொறுத்துக் குறைந்தது 25 விழுக்காடு கூடியது. அந்தச் சுமையின் நினைவு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மக்கள் கொடுக்க மாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. சென்னையை ஒட்டிய ஆலந்தூரைப் பாருங்கள். தொண்ணூறுகளின் இறுதியில் நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதியின் காலத்தில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கேட்டார்கள். தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களிடம் பேசினார்கள், கணக்கைக் காட்டினார்கள், பணம் வந்தது; நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் சேர்ந்தது; வேலை முடிந்தது. மக்களுக்குத் தேவைப்பட்டது பணம் எங்கே போகிறது என்ற நம்பிக்கை. தமிழ்நாட்டின் நமக்கு நாமே திட்டத்துக்கும் அடிப்படை அதுவே: மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைப் போடும். தருமபுரி நகராட்சி தன் மாதாந்தர மின்கட்டணத்தை, பம்ப் அறை வாரியாக, ஏற்றிய தண்ணீரின் அளவோடு நகராட்சி அலுவலக வாசலில் ஒட்டினால் அந்த நம்பிக்கைக்கு முதல் படி அமைந்துவிடும். கிலோலிட்டருக்கு எத்தனை யூனிட் என்ற ஒற்றை எண் போதும். அது கூடினால் எங்கோ பம்ப் தேய்கிறது அல்லது குழாய் ஒழுகுகிறது என்று பள்ளிப் பிள்ளையும் கண்டுபிடிக்கும்.

அளப்பதற்கு ஆள் வேண்டும் என்பதும் உண்மை. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி சான்று பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். ஒரு சிறு நகராட்சியால் நிரந்தரமாக ஒருவரை வைத்துக்கொள்ள இயலாது. மேலே சொன்ன ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். தருமபுரியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் பம்ப் அறைகளை அளந்து பழகக் கடவுள் கொடுத்த ஆய்வுக்கூடம் இந்த மாவட்டம். தணிக்கை அறிக்கை அலமாரிக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால், அதன் பரிந்துரைக்கான பணம் சுழல்நிதியில் முன்பே ஒதுங்கி இருக்க வேண்டும்.

ஒகேனக்கல்லின் அடுத்த கட்ட விரிவாக்கத்தை அரசு அறிவித்திருக்கிறது. புதிய குழாய், புதிய நீரேற்று நிலையங்கள், புதிய மோட்டார்கள் வரும். அந்த டெண்டர் ஆவணத்தில் பம்பின் விலையோடு பதினைந்து ஆண்டு மின்செலவையும் சேர்த்தே குறைந்த விலைப்புள்ளியைக் கணக்கிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம்; மதிப்பீட்டு முறையை முன்கூட்டியே ஆவணத்தில் சொல்லிவிட்டால் 1998ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அதைத் தடுப்பதில்லை. நீரேற்று நிலையங்களோடு சூரியமின் நிலையத்தையும் அதே கடனில் சேர்க்கலாம். உள்ளாட்சிகளோடு வாரியம் போடும் ஒப்பந்தத்தில் சேமிப்பைப் பகிரும் விதியை எழுதலாம். குழாய் பதித்து மோட்டார் பூட்டிய பிறகு இவற்றைச் செய்யப் பல மடங்கு செலவாகும். தருமபுரி நகர்மன்றமும் அண்டைப் பேரூராட்சிகளும் இந்த மூன்றையும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியது, ஆவணம் அச்சுக்குப் போவதற்கு முன்புதான்.